பழைய லேத் ஒன்றைப் படிப்பது எப்படி?



மூவாரில் மூடப்பட்ட ஒரு நாற்காலிப் பட்டறையிலிருந்து நம் கிளை ஒரு பழைய மரக்கடைசல் லேத்தை 1,200 ரிங்கிட்டுக்கு வாங்கியிருக்கிறது. லோரிக் கூலி தனி. எஸ்.பி.எம். முடித்துவிட்டு பார்சல் ஏற்றும் வேலைக்கும் கார் கழுவும் கடைக்கும் போய்க்கொண்டிருக்கும் ஆறு பசங்களுக்கு சனிக்கிழமைகளில் ஒரு கைத்தொழில் கற்றுக்கொடுக்கலாம் என்பதுதான் திட்டம்.

இயந்திரம் வந்து இறங்கிய வாரமே செயற்குழுவில் பொருளாளர் அண்ணன் கேட்டார்: “தம்பி, பழைய சாமானு. பிள்ளைங்க 17, 18 வயசு. ஏதாச்சும் ஒன்னு ஆச்சுன்னா அவங்க அம்மா அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?” நியாயமான கேள்வி. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் எழுதிக் காட்ட வேண்டும், குழுவில் இருக்கிற எல்லாருக்கும் அது புரிய வேண்டும், புரிந்தால்தான் கரண்ட். இது தீர்மானமாகவே பதிவாகியிருக்கிறது.

அந்தப் பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வேறு இரண்டு கிளைகளிலிருந்தும் “எங்க பக்கத்துலயும் ஒன்னு விலைக்கு வருது, வாங்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

முதலில் பெயர். தமிழில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் செதுக்குவதற்குக் கடைசல் என்று பெயர். மோர் கடைவதும் கடைதல், மரம் கடைவதும் கடைதல். இது தற்செயல் இல்லை. மின்சாரத்துக்கும் நீராவிக்கும் முந்திய காலத்தில் கடைசல் வேலை நடந்ததே மத்தும் கயிறும் மாதிரிதான். தண்டைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு ஒருவர் முன்னும் பின்னும் இழுப்பார், மற்றவர் உளியைப் பிடிப்பார். எகிப்தில் கி.மு. 300 வாக்கில் எழுந்த பெட்டோசிரிஸ் என்பவரின் கல்லறைச் சுவரில் இந்தக் காட்சி அப்படியே செதுக்கப்பட்டிருக்கிறது. கயிறு ஒரு பக்கம் இழுக்கும்போது மட்டுமே உளி வெட்டும், திரும்பும்போது சும்மா இருக்கும். பாதி நேரம் வீண்.

பாற்கடல் கடைந்த கதை நமக்குப் பாலர் வகுப்பிலிருந்தே தெரியும். மந்தர மலை மத்து, வாசுகி கயிறு. கடையத் தொடங்கியதும் மலை மூழ்கியது, திருமால் ஆமையாகப் போய் அடியில் தாங்கினார். கதையின் உட்பொருளைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் மெக்கானிக்கல் படிக்கிறவன் கண்ணுக்கு அதில் மூன்று உறுப்புகள் தெரிகின்றன: சுழலும் தண்டு, இழுக்கும் கயிறு, கீழே தாங்குகிற பேரிங். மூன்றாவது வரும்வரை முதல் இரண்டாலும் பிரயோசனம் இல்லை. பழைய லேத் பார்க்கப் போகிறவர்கள் இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பெயிண்டைப் பார்த்து ஏமாறவும் மாட்டீர்கள், துருவைப் பார்த்துப் பயப்படவும் மாட்டீர்கள்.

எங்கள் இயந்திரத்தின் பெயர் யூனியன் கிராஜுவேட். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹெக்மண்ட்வைக் என்ற ஊரில் ஹாரிசன் நிறுவனம் செய்தது. அந்த நாட்டுப் பள்ளித் தச்சுப் பட்டறைகளில் ஏராளமாக இருந்த ரகம். நான் இன்னும் பட்டம் வாங்கவில்லை, என் லேத் பட்டதாரி என்று வீட்டில் தங்கை கிண்டல் செய்கிறாள். வார்ப்பிரும்பில் செய்த கனமான உடம்பு. மோட்டார் தலைப்பகுதிக்குக் கீழே பெட்டிக்குள் இருக்கிறது. படுக்கைக்கு மேல் 12 அங்குல விட்டம் வரை சுற்றலாம். பெல்ட்டை மாற்றிப் போட்டால் நிமிடத்துக்கு 425, 790, 1330, 2250 சுற்று என நான்கு வேகம்.

வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுற்றினால் எல்லா பேரிங்கும் நல்ல பேரிங் மாதிரித்தான் தெரியும். மெதுவாகச் சுற்றும்போது விரலுக்கு மணல் அரைபடுகிற உணர்வு வந்தால் உள்ளே தேய்மானம். அடுத்து ஸ்பிண்டில் மூக்குக்கு மேல் டயல் கேஜை வைத்து, அடியில் ஒரு மரச்சட்டத்தைக் கொடுத்து லேசாக நெம்புங்கள். எங்களுடையது 0.02 மில்லிமீட்டர் அசைந்தது. அது பரவாயில்லை. 0.1ஐத் தாண்டினால் பேரிங் மாற்றுகிற செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். பால் பேரிங் என்றால் வளையத்தில் எண் பொறித்திருக்கும். அதை எந்த பேரிங் கடையில் காட்டினாலும் அளவு கிடைத்துவிடும். இயந்திரம் எவ்வளவு பழசு என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை.

வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் வாங்கவே வேண்டாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. சந்தேகப்படும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்குத் தூளைப் பூசுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து தூளில் கோடாகத் தெரியும்.

பிறகு இரண்டு முனைகள். ஹெட்ஸ்டாக்கில் ஒரு கூர்முனை, டெயில்ஸ்டாக்கில் ஒரு கூர்முனை. இரண்டையும் நெருக்கிக் கொண்டுவந்தால் நுனியும் நுனியும் முத்தமிட வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் விலகியிருந்தால் யாரோ கீழே போட்டிருக்கிறார்கள், அல்லது வேறு இயந்திரத்தின் டெயில்ஸ்டாக்கை மாட்டியிருக்கிறார்கள்.

ஸ்பிண்டில் மூக்கின் மரைதான் பலர் பார்க்காமல் விடுகிற இடம். எங்களுடையது ஒன்றரை அங்குலம், அங்குலத்துக்கு 6 மரை. இங்கே சுலபமாகக் கிடைக்கிற சக் எதுவும் நேராக ஏறாது, அடாப்டர் வரவழைக்க வேண்டும். சக்கும் அடாப்டரும் சேர்ந்து லேத்தின் விலையில் பாதிக்கு மேல் வந்தது. “ஏறுற மாதிரிதான் இருக்கு” என்று வேறு மரையைத் திணிக்கக் கூடாது. போல்ட்டு நட்டுகளும் அப்படித்தான். பழைய ஆங்கிலேய இயந்திரங்களில் பெரும்பாலும் விட்வொர்த் மரை இருக்கும். 1841இல் ஜோசஃப் விட்வொர்த் முன்வைத்த முறை அது. மரையின் கோணம் 55 பாகை, நம் மெட்ரிக் மரைக்கோ 60. மெட்ரிக் போல்ட் இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும், அதற்குமேல் முறுக்கினால் உள்மரை போய்விடும்.

துரு மேலோட்டமாக இருந்தால் மண்ணெண்ணெயும் தேய்ப்புத் துணியும் போதும். பழைய பெயிண்டை மட்டும் உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூசியாக மூச்சில் போகும். நாங்கள் அப்படியே விட்டுவிட்டோம். பச்சை நிறம், அங்கங்கே உரிந்து போயிருக்கிறது. அழகுபடுத்தினால் படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கரண்ட்

பட்டறையில் மூன்று ஃபேஸ் இருந்தது. நம் மண்டபத்தில் ஒற்றை ஃபேஸ், 230 வோல்ட். இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய லேத்துகள் பெசி புரோக் விலைக்குப் போகின்றன. வாங்க வருகிறவர்கள் மோட்டார் தகட்டில் 415 வோல்ட் என்று பார்த்ததும் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

இங்கேதான் முதலாம் ஆண்டில் படித்தது உதவுகிறது. மூன்று சுருள்களையும் ஸ்டார் முறையில் இணைத்திருந்தால் ஒவ்வொரு சுருளுக்கும் கிடைப்பது 415 அல்ல, 415ஐ √3ஆல் வகுத்தது. கணக்குப் போட்டால் 240 வோல்ட். அதாவது சுருள் எப்போதும் 240 வோல்ட்டில்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அதே சுருள்களை டெல்ட்டா முறைக்கு மாற்றி இணைத்து, ஒற்றை ஃபேஸை வாங்கி 230 வோல்ட் மூன்று ஃபேஸாகக் கொடுக்கிற இன்வெர்ட்டரை முன்னால் வைத்தால், மோட்டாருக்கு வித்தியாசமே தெரியாது. ஒரு நிபந்தனை: சுருள்களின் ஆறு முனைகளும் இணைப்புப் பெட்டிக்கு வெளியே வந்திருக்க வேண்டும். சில பழைய மோட்டார்களில் மூன்று மட்டும் வந்திருக்கும், ஸ்டார் முடிச்சு சுருளுக்குள்ளேயே புதைந்து கிடக்கும். ஆகவே விலை பேசும் முன் அந்தச் சின்ன மூடியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு ஆறும் இருந்தன.

கணக்கு நான் போடலாம், கம்பி நான் இழுக்கக் கூடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்தான் வந்து செய்தார். அவரோடு உட்கார்ந்து இன்வெர்ட்டரில் நான்கு விஷயங்களை முடிவு செய்தோம். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடக் கூடாது, மறுபடி பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓட வேண்டும். தலைகீழ் சுழற்சி பூட்டப்பட்டிருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. நிற்பதற்கு 8 விநாடி எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சொன்னதை விளக்க வேண்டும், ஏனென்றால் “சட்டுனு நின்னாத்தானே பாதுகாப்பு?” என்று செயலாளர் அக்காவே கேட்டார். சக் ஸ்பிண்டிலில் மரையால்தான் ஏறியிருக்கிறது. வெட்டும்போது வருகிற விசை அதை மேலும் இறுக்கும். ஸ்பிண்டிலைத் திடீரென்று நிறுத்தினால் கனமான சக்கும் கட்டையும் சுழற்சியை விடாமல் தொடரும், மரை கழன்று மொத்தமும் உருண்டு வெளியே வரும். தலைகீழாகச் சுற்றினாலும் இதே கதை. மெதுவாக நிற்பதுதான் இங்கே பாதுகாப்பு.

வேகம்

இந்தப் பாடத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

எங்கள் பல்கலைக்கழகப் பட்டறையில் இருப்பது உலோக லேத். அங்கே உளியை இயந்திரம் பிடித்துக்கொள்ளும், நாம் கைப்பிடியைச் சுற்றினால் போதும். மர லேத்தில் உளியைப் பிடிப்பது நம் கை. டூல் ரெஸ்ட் என்ற இரும்புத் தாங்கிதான் ஒரே துணை. கட்டையில் என்ன நடந்தாலும் நேராகக் கைக்கு வரும்.

280 மில்லிமீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் கனம் உள்ள ஒரு ரப்பர் மர வட்டை எடுத்துக்கொள்வோம். கிண்ணம் கடைவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 3 கிலோ. இதை 425 வேகத்தில் சுற்றினால் விளிம்பு மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, சைக்கிள் வேகம். பெல்ட்டை மாற்ற மறந்து 2250இல் சுவிட்சைப் போட்டால் அதே விளிம்பு மணிக்கு 119 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் உச்சவரம்பு 110.

விளிம்பு வேகம்கூடப் பெரிதில்லை. கட்டை எப்போதும் சரியாக மையத்தில் அமராது. எடையின் மையம் 5 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கட்டையை வெளியே இழுக்கும் விசை 425இல் சுமார் 3 கிலோ எடைக்குச் சமம். கையில் ஒரு அரிசிப் பையைத் தூக்குகிற மாதிரி, இயந்திரம் கண்டுகொள்ளாது. 2250இல் அது 85 கிலோ. வேகம் ஐந்தே கால் மடங்குதான் கூடியது, விசை 28 மடங்கு கூடிவிட்டது. ஏனென்றால் விசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. ஒரு பெரிய ஆள் கட்டையைப் பிடித்து வினாடிக்கு 37 தடவை ஆட்டுகிறார் என்று கற்பனை செய்யுங்கள். அதைத் தாங்கிக்கொண்டிருப்பது நான்கு ஸ்குரூ.

பொருளாளர் அண்ணனுக்கு நான் காட்டியது இந்த ஒரு கணக்குதான். கொஞ்ச நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப மெஷின் பழசா புதுசாங்கிறது இல்ல, பெல்ட் எந்தப் படியில இருக்குன்னு பாக்கணும்” என்றார். அவ்வளவுதான்.

நினைவில் வைக்க ஒரு கைக்கணக்கு உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வேகத்தால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையில் வர வேண்டும். மேலே சொன்ன 11 அங்குல வட்டுக்கு 545 முதல் 818 வரை. கட்டை இன்னும் உருண்டையாகாத கட்டத்தில் அதற்கும் கீழே, 425. வட்டமாகி ஆட்டம் நின்ற பிறகு 790. அதற்குமேல் ஏறவே கூடாது. 2 அங்குலத் தடியான பூரிக்கட்டைக்கு 3,000 வரை தாங்கும், ஆகவே எங்கள் இயந்திரத்தின் உச்ச வேகமே போதும். 425இல் வைத்துப் பூரிக்கட்டை கடைந்தால் ஆபத்தில்லை, ஆனால் நார் பிய்ந்து சொரசொரப்பாக வரும். பெல்ட் மூடியின் உள்பக்கத்தில் இந்தக் கணக்கைப் பெயிண்டில் எழுதியிருக்கிறோம். மூடியைத் திறந்தால்தான் பெல்ட்டை மாற்ற முடியும், திறந்தால் கண்ணில் படும்.

உடம்பில் என்ன இருக்கக் கூடாது?

கையுறை கூடாது. கை பத்திரமாக இருக்கட்டுமே என்று தோன்றும். சுழலும் கட்டையில் துணி பட்டால் அது சுற்றிக்கொண்டு கையையும் இழுத்துப் போகும், தோல் பட்டால் கீறலோடு போகும். நீளக் கை ஜிப்பா, தொங்கும் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல், துப்பட்டா எல்லாம் இதே கணக்கு.

வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லாத ஒன்றை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். நம் பசங்க முக்கால்வாசிப் பேர் கையில் கோயில் கயிறு. சிலர் மூன்று, நான்கு கட்டியிருப்பார்கள். நைலான் கலந்த நூல் அறுபடாது, மணிக்கட்டைத்தான் பதம் பார்க்கும். “அம்மா அவுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க அண்ணே” என்று ஒருவன் சொன்னான். நான் வாக்குவாதம் செய்யவில்லை, அவன் வீட்டுக்கே போய் அம்மாவிடம் 85 கிலோ கணக்கைச் சொன்னேன். அவர்களே அவிழ்த்து சாமி படத்தடியில் வைத்துவிட்டார்கள். டேப் சுற்றி மறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், வேண்டாம். டேப் தளர்ந்துவிடும். விரதத்துக்குக் காப்புக் கட்டியிருப்பவர் காப்பு அவிழ்க்கும் வரை லேத் பக்கம் வர வேண்டியதில்லை, வரைபடம் போடலாம், உளி தீட்டக் கற்கலாம்.

கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுக்க மூடும் கவசம். மரத்தூசியை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஆகவே மணல்தாள் போடும்போது என்95 கட்டாயம்.

கட்டை பறந்தால் எங்கே போகும்? சுழலும் தளத்திலேயே போகும். சைக்கிள் சக்கரத்தில் ஒட்டிய சேறு தெறிக்கிற மாதிரி. ஆகவே சுவிட்ச் போடும்போது கட்டைக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நிற்க வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள் டெயில்ஸ்டாக் பக்கம். சிவப்புப் பொத்தானும் அந்தப் பக்கம்தான். கட்டைக்கு மேலே கை நீட்டி அணைக்கிற மாதிரி எதையும் வைக்கக் கூடாது. சுவிட்சுக்கு முன் கட்டையைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, டூல் ரெஸ்ட்டில் இடிக்கவில்லை என்று பார்க்க வேண்டும்.

மரம்

பழகுவதற்கு ரப்பர் மரம்தான். மூவார் பட்டறைகளில் துண்டுகள் விறகு விலைக்குக் கிடைக்கின்றன. என் தாத்தா பாட்டி பால் மரம் சீவியவர்கள். உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். 25, 30 வருடம் ஆகி பால் குறைந்ததும் மரத்தை வெட்டிவிடுவார்கள். முன்பு அது விறகுக்கும் சூளைக்கும் போனது, இப்போது இந்த நாட்டு மேசை நாற்காலிகளில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சையும் வண்டும் பிடிக்கும் மரம் என்பதால் உடனே போரான் மருந்தேற்றி உலர்த்துவார்கள். பட்டறைத் துண்டுகள் அப்படி மருந்தேறியவை. ஆகவே கிண்ணம், கரண்டி போன்ற சாப்பாட்டுச் சாமான்களை அவற்றில் கடைய வேண்டாம். பம்பரம், உளிப் பிடி, மேசைக்கால் சரி. மத்தும் பூரிக்கட்டையும் செய்ய மருந்தேறாத மரம், பலா போல, தனியாக வாங்கி வைத்திருக்கிறோம்.

ரப்பர் மரம் கடைய மிருதுவானது, நார் நேராக ஓடும், சீவல் நீளமாகச் சுருண்டு வரும். உளியின் சாய்முகம் முதலில் மரத்தில் உரச வேண்டும், பிறகு பிடியை மெதுவாக உயர்த்தினால் கூர் தானாக வெட்டத் தொடங்கும். நேரே கூரை நுழைத்தால் உளி மாட்டிக்கொண்டு உதறும். டூல் ரெஸ்ட்டை மரத்துக்கு சில மில்லிமீட்டர் தூரத்தில் வைத்து, மரம் சிறுத்து வரவர இயந்திரத்தை நிறுத்திவிட்டு நெருக்கிக்கொண்டே வர வேண்டும். இடைவெளி கூடக் கூட உளி நீண்ட நெம்புகோலாகிவிடும், கைக்குத் தாங்காது.

செயற்குழு போன கூட்டத்தில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஒரு நேரத்தில் லேத்தில் ஒருவர், பக்கத்தில் பொத்தானருகே ஒருவர், வேறு யாரும் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. முதல் சனிக்கிழமை ஐந்து பேர் ஆளுக்கொரு உளிப் பிடி கடைந்தார்கள். ஆறாமவன் தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டியிருக்கிறான். அவனுக்கான கட்டையை 40 மில்லிமீட்டர் சதுரமாக அறுத்து, இரு முனையிலும் மையம் குறித்து, பெயர் எழுதி அலமாரியில் வைத்திருக்கிறோம்.